காணா ரசிகரைக் காணல்: ஒரு திணை ஆராய்ச்சி

வரையறை

கருநாடக இசையில் ஈடுபாடுள்ள இருவர், நெடுங்காலம் எழுத்து வழியாக மட்டும் ஒருவரையொருவர் அறிந்திருந்து, அவர்களுள் ஒருவரேனும் ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் முதன்முதலாக நேர்ப்படுவது ‘காணா ரசிகரைக் காணல்’ எனப்படும். இதற்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. முதலாவது எழுத்துப் பழக்கம். இரண்டாவது பயணம். எதிரெதிர் வீட்டில் குடியிருக்கும் இரு ரசிகர்கள் காண்பது இதில் அடங்காது. அவர்கள் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் தினமும் காண்கிறார்கள், இசையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. மூன்றாவது, தீராத கருத்து வேறுபாடு ஒன்று. எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் இருவர் இரண்டாவது கடிதத்தோடு நின்றுவிடுவார்கள். பாடிய ராகம் தர்பாரா நாயகியா என்ற ஐயமோ, பல்லவிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கலாம் என்ற வழக்கோ இருந்தால்தான் பழக்கம் பல்லாண்டு தாங்கும்.

இத்தகைய ரசிகர் பெரும்பாலும் புனைபெயரில் எழுதுபவர். பெயர் ஒரு ராகத்தினுடையதாக இருப்பது வழக்கம். மேளகர்த்தாக்கள் என்னும் தாய் ராகங்கள் 72, அவற்றில் பிறக்கும் ஜன்யங்கள் கணக்கில் அடங்காதவை என்பதால் பெயருக்குப் பஞ்சமில்லை. ஆயினும் கல்யாணியும் தோடியும் முந்தி வந்தவர்களுக்குப் போய்விடும். பிந்தி வருபவர்கள் 31-ஆம் மேளமான யாகப்பிரியாவைக் கொண்டு அமைய வேண்டியதுதான்.

முன்னோர் வழக்கு

இவ்வழக்கத்தின் பழைய சான்று புறநானூற்றில் கிடைக்கிறது. உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையாரும் ஒருவரையொருவர் பாராமலே நண்பர்களாக இருந்தனர். நட்புக்கு நேரில் பழகுவது கட்டாயமில்லை, உணர்ச்சி ஒத்தாலே போதும் என்னும் கருத்துடைய 785-ஆம் குறளுக்கு உரை எழுதுகையில் பரிமேலழகர் எடுத்துக்காட்டுவது இவ்விருவரையே. சோழன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உண்ணாநோன்பில் அமர்ந்தபோது, ஆந்தையார் தேடி வந்தார். அவரும் உடன் வடக்கிருந்து உயிர் நீத்தார்.

பிற்காலச் சந்திப்புகளுக்கான இலக்கணம் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து அவர் வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் ஐயுற்றார்கள். வருவார், அவருக்கு ஓர் இடம் விட்டுவையுங்கள் என்று அரசன் சொன்னதை 216-ஆம் பாட்டு கூறுகிறது. 191-ஆம் பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு இன்னும் முக்கியமானது. உம்மைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கேள்விப்படுகிறோமே, உமக்கு நரை ஒன்றும் இல்லையே என்று சான்றோர் ஆந்தையாரிடம் கேட்டார்களாம். வருகையில் ஐயம், இடம் பிடித்துவைத்தல், வயதைக் கண்டு வியத்தல் ஆகிய மூன்றும் இன்றுவரை மாறாமல் நிற்கின்றன. உடன் வடக்கிருத்தல் மட்டும் வழக்கொழிந்தது. ஒரே நாளில் நான்கு கச்சேரிக்கு உடன் உட்கார்ந்திருத்தல் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது.

முதற்பொருள்: நிலம்

தமிழ் மரபுப்படி எந்த ஒழுக்கத்தையும் முதல், கரு, உரி என்று பகுத்து ஆராய்வதே முறை. முதற்பொருளாவது நிலமும் பொழுதும்.

இவ்வொழுக்கத்துக்குரிய தலைமை நிலம் சென்னை. 1900-இல் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபா திருவல்லிக்கேணியில் பிறந்தது. 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடும் கூடியது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் வேண்டும் என்ற இயக்கத்திலிருந்து 1943-இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. இன்று மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் ஆகிய மூன்று பகுதிகளுக்குள் ஒரு ரசிகர் நாள் முழுவதும் ஆட்டோவில் சுற்றியே காலம் கழிக்கலாம். வெளியூரார் அழைப்பிதழைப் பார்த்து முசிறி சுப்பிரமணியம் சாலை என்பார். ஓட்டுநர் சற்று யோசித்து, “ஆலிவர் ரோடுன்னு சொல்லுங்க சார்” என்பார். மகாராஜபுரம் சந்தானம் சாலைக்கும் கிரிஃபித் ரோடு என்ற பழம்பெயரால் இதே கதிதான். பாடகர் முசிறியின் நிரவலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், முசிறியின் பெயரைக்கொண்டு முசிறி சாலைக்குப் போக முடியாமல் நிற்பது இந்நிலத்தின் இயல்புகளுள் ஒன்று.

கடற்கரையை ஒட்டியது என்பதால் சென்னை நெய்தல் ஆகும். நெய்தலுக்குரிய ஒழுக்கம் இரங்கல். இந்தப் பொருத்தம் தற்செயலானது அன்று என்பது பின்னர் விளங்கும்.

திருவையாறு இரண்டாவது நிலம். காவிரியும் நெல்வயலும் சூழ்ந்த மருதம். மருதத்துக்கு உரியது ஊடல். தியாகராஜர் 1847-இல் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி நாளில் அங்கே நடக்கும் ஆராதனை, சின்னக் கட்சி, பெரிய கட்சி என்று பிரிந்து நடந்த காலம் ஒன்று உண்டு. பெண்களுக்கு அங்கே பாட இடமில்லாதிருந்தபோது பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களைக் கூட்டித் தனியே ஓர் அணி அமைத்தார்; சமாதிக் கோயிலைக் கட்டியவரும் அவரே. 1940-ஐ ஒட்டித்தான் ஊடல் தீர்ந்து எல்லாரும் ஒன்றாயினர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை அனைவரும் சேர்ந்து பாடுவதால் அங்கே ரசிகரைத் தனியே பிரித்தறிவது அரிது. ஆதலால் தேடுபவர் பந்தலை விட்டு அசோகா அல்வா விற்கும் கடைப் பக்கம் போவதே பயன் தரும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து மூன்றாவது. அங்கே 1978 முதல் ஈஸ்டரை ஒட்டித் தியாகராஜ ஆராதனை நடந்துவருகிறது. ஏரிக்கரையும் பனியும் கொண்ட அந்த ஊரைப் பாலை என்று கொள்ளுதல் முரணாகத் தோன்றலாம். ஆனால் பாலைக்கு இலக்கணம் வெயில் அன்று, பிரிவு. அங்கே கூடுவோர் அனைவரும் பிரிந்து வந்தோர்.

முதற்பொருள்: பொழுது

பெரும்பொழுது முன்பனி, மார்கழி அதன் முதற்கூறு. நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கும் விடுமுறை, வெளிநாட்டிலிருப்பவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஓய்வு, ஆண்டு முழுவதும் வியர்க்கும் ஊரில் கம்பளி மப்ளர் கட்டிக்கொள்ளக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு ஆகியவை ஒன்றுகூடும் காலம் இதுவே.

சிறுபொழுது எற்பாடு, அதாவது மாலைக்கு முந்திய சாயும்பொழுது. காலை விளக்கவுரைக்கு வருவோர் அறிவு தாகத்தோடு வருவதால் யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இரவுக் கச்சேரி முடிந்தவர்களுக்குக் கடைசிப் பேருந்தின் நினைவு. நுழைவுச்சீட்டு இல்லாத பிற்பகல் கச்சேரி முடிந்து, சீட்டுள்ள மாலைக் கச்சேரி தொடங்கும் வரையுள்ள இடைவெளியிலேயே சந்திப்புகள் மிகுதி. அப்போது பசி இருக்கிறது, நேரம் இருக்கிறது. உள்ளே யாரும் பாடவில்லை என்பதால் குற்றவுணர்ச்சி இல்லை.

கருப்பொருள்

தெய்வம்: படத்தில் மாலையோடு தியாகராஜர். உணவு: கீரை வடை, வாழைப்பூ வடை, அடை அவியல், சேவை. நீர்: ஃபில்டர் காபியும், ஃபிளாஸ்கில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சுக்கு வெந்நீரும். பறை: மிருதங்கம், கடம், கஞ்சிரா. யாழ்: தம்புரா, அதைத் தூக்கிவர ஆள் இல்லாதபோது மின்சுருதிப் பெட்டி. பறவை: கொசு, பறப்பதால் மட்டும் இவ்வகையில் சேர்ந்தது. மரம்: நாற்காலி, அது பிளாஸ்டிக்காக மாறியபின் மரத்தில் சேருமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தொழில்: தொடையில் தாளம் போடுதல், சிறு நோட்டில் பாட்டுப் பட்டியல் எழுதுதல், பட்டியலில் ராகத்தை எழுதாமல் இடம் விட்டுவிட்டுப் பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தல்.

உரிப்பொருள்

பிற ஒழுக்கங்களுக்கு ஒரு திணைக்கு ஓர் உரிப்பொருளே அமையும். காணா ரசிகரைக் காணலுக்கு ஐந்தும் அமைந்து, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: இருத்தல், கூடல், ஊடல், இரங்கல், பிரிதல். ஒரே மாலையில் ஐந்திணையையும் கடக்கும் மாந்தர் இவர்களே.

1. இருத்தல்

முல்லைக்குரியது காத்திருத்தல். முன்னதாக ஏற்பாடு செய்துகொண்ட சந்திப்பில் ஒருவர் முதலில் வந்து நிற்பார். நீலச் சட்டை, கையில் மஞ்சள் பை என்று அடையாளம் குறித்திருப்பார்கள். மார்கழியில் மயிலாப்பூரில் இந்த அடையாளம் யாரையும் குறிக்காது என்பது நின்ற பிறகே தெரியவரும்.

உள்ளே சென்று இருக்கும் வகையில், நண்பருக்கு இடம் பிடித்துவைத்தல் தலையாய கடமை. கைக்குட்டை, துண்டு, நிகழ்ச்சி நிரல், ஃபிளாஸ்க் என்று இதற்குரிய கருவிகள் நான்கு. கைக்குட்டை மென்மையானது, பிறர் அதை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவர். ஃபிளாஸ்க் வலிமையானது. “ஆள் வர்றாரா?” என்று கேட்பவர்க்கு, “இதோ வந்துண்டே இருக்கார்” என்பது மரபான விடை. கோப்பெருஞ்சோழன் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. சொல்பவர் அந்த நண்பரை ஒருமுறையும் பார்த்ததில்லை என்பது கேட்டவருக்குத் தெரியாது.

2. கூடல்

குறிஞ்சிக்குரிய இப்பகுதியில் முதற்படி ஆளை அறிதல். இதற்கு நான்கு வழிகள் உள்ளன.

தாளத்தால் அறிதல்: ஆதி தாளத்தை எல்லாரும் போடுவர். மிச்ர சாபுவின் ஏழு எண்ணிக்கையை இடையில் தடுமாறாமல் போடுபவர் ஒரு வரிசைக்கு ஒருவரே இருப்பார். தாளத்தைப் பற்றி நீண்ட கடிதங்கள் எழுதியவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுவது இயல்பு. உண்மையில் எழுதியவர், அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, பிறர் கையைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

தனியால் அறிதல்: தாளக் கருவிகளுக்குரிய தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அவையில் பெரும்பகுதி எழுந்து உணவகம் நோக்கிப் போவது சென்னையின் நெடுநாள் வழக்கம். எஞ்சி இருப்போர் எண்ணிக்கையில் குறைவு. அவர்களுள் தேடுவது எளிது. மிருதங்க ரசிகர் என்று எழுத்தில் புகழ்பெற்ற ஒருவரை இவ்வாறு தேடிக் காணாமல், பிறகு வடைத் தட்டோடு கண்டுபிடித்த நிகழ்ச்சிகளும் இத்துறையில் அடங்கும்.

நோட்டால் அறிதல்: பட்டியல் எழுதுபவரின் கையெழுத்தைக் கடிதங்களால் அறிந்தவர், பின்வரிசையிலிருந்து கழுத்தை நீட்டியே அவரை இனங்கண்டுகொள்வார்.

இருமலால் அறிதல்: இது கேசட் காலத்துக்கு உரியது. சபையில் உட்கார்ந்து தாமே ஒலிப்பதிவு செய்து நண்பர்களுக்குப் பிரதி எடுத்து அனுப்பியவர்களின் இருமல், அந்தப் பதிவுகளில் பாட்டைவிடத் தெளிவாக விழுந்திருக்கும். அதைப் பல ஆண்டு கேட்டுப் பழகியவர், சபையில் மூன்றாவது வரிசையில் அதே இருமல் எழக் கேட்டதும் எழுந்து சென்று வணங்குவார். இவ்வழி ஒருபோதும் தவறியதில்லை.

அறிந்தபின் நிகழ்வது வியத்தல். ராகப் பெயர்களிற் பல பெண்பெயராக ஒலிப்பதால், சண்முகப்பிரியா என்று எழுதியவர் மீசையும் மேல்துண்டுமாக எதிரே நிற்பார். காம்போதி என்பவர் பெரியவராக இருப்பார் என்று எண்ணி மாமா என்று விளித்து எழுதிவந்தவர், முப்பது வயதுப் பெண்ணைக் கண்டு கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நிற்பார். “உங்க எழுத்தைப் பார்த்து வயசானவர்னு நினைச்சேன்” என்பது இத்துறைக்குரிய கூற்று. புறநானூற்றுச் சான்றோர் கேட்ட அதே கேள்விதான் இது. ஆந்தையார் விடை சொல்லும்போது மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என அனைவரைப் பற்றியும் சொன்னார். இக்கால ரசிகர் அவற்றுள் ஒன்றையும் சொல்வதில்லை. “நேத்து அந்த சஹானாவைக் கேட்டேளா?” என்று நேரே பொருளுக்குப் போய்விடுவார்.

3. ஊடல்

நிலுவையிலிருந்த வழக்கை எடுத்துக்கொள்ளும் இடம் இது. எழுத்தில் பத்துப் பக்கம் எதிர்த்தவர்கள் நேரில் பத்து நிமிடத்துக்குள் தணிந்துவிடுவதே இவ்வொழுக்கத்தின் மையச் சிக்கல். அதற்கு மூன்று காரணங்கள் முன்வைக்கப்படலாம்.

வடைக் கொள்கை: வாயில் சூடான வடை இருக்கும்போது மறுத்துப் பேச இயலாது. தலையை ஆட்டத்தான் முடியும். தலையாட்டல் இந்நாட்டில் ஒப்புதலாகவே கொள்ளப்படும். இக்கொள்கை உணவகத்துக்கு வெளியே நிகழும் தணிவை விளக்கவில்லை.

நாற்காலிக் கொள்கை: எழுந்து போகும்போது இடத்தைப் பார்த்துக்கொள்ளும்படி ஒருவர் மற்றவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. தன் இடத்தைக் காப்பவரோடு பகை கொள்ள எவரும் துணியார். இது வலுவான கொள்கையே. ஆனால் எண்ணிட்ட இருக்கைகளிலும் ஊடல் தணிவதைக் காண்கிறோம்.

பாடிக்காட்டல் கொள்கை: இதுவே முடிவானது. தர்பாரும் நாயகியும் 22-ஆம் மேளமான கரகரப்பிரியாவின் ஜன்யங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காந்தார, நிஷாதங்களைப் பிடிக்கும் விதத்திலும் அவற்றுக்குரிய பிடிகளிலும் இருக்கிறது. ஆரபியும் தேவகாந்தாரியும் 29-ஆம் மேளத்தைச் சேர்ந்து இதேபோல் மயக்கம் தருவன. இத்தகைய நுட்பங்களை எழுத்தில் காட்டுவது கடினம். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் சுரங்களை அசைக்கும் கமகங்களுக்கென்றே தனிக்குறிகள் அமைத்தார். அக்குறிகளைக் கற்காத ரசிகர், ‘காந்தாரத்தை ஒரு மாதிரி அசைக்க வேண்டும்’ என்று எழுதுவார். எதிர்த்தரப்பார், ‘அப்படி அல்ல, இன்னொரு மாதிரி’ என்று விடை எழுதுவார். இந்த முறையில் வழக்கு எத்தனை ஆண்டும் நடக்கும்.

நேரில் கண்டதும் நிலைமை மாறிவிடுகிறது. எந்த மாதிரி என்று கேட்டால் பாடிக் காட்டியாக வேண்டும். ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்து, சுற்றிலும் பார்த்து, தொண்டையைச் செருமி, தாழ்ந்த குரலில் தொடங்குவார். சுருதி ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் இடையில் எங்கோ நிற்கும். காந்தாரம் வரவேண்டிய இடத்தில் காந்தாரம் வராது. மத்திமம் போன்ற ஒன்று வந்து, உடனே திரும்பிப் போய்விடும். மற்றவர் அதைத் திருத்திப் பாட முற்படுவார். அவருக்கு அதுவும் வராது. முதலாமவர் பாடியது தர்பாரும் அன்று, இரண்டாமவர் பாடியது நாயகியும் அன்று. இரண்டும் 22-ஆம் மேளத்தில் சேருமா என்பதும் ஐயம். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பர். அத்துடன் வழக்கு முடிவடையும். “நீங்க சொல்றதும் ஒரு விதத்துல சரிதான் சார்” என்பது தீர்ப்பு வாசகம்.

இதிலிருந்து பெறப்படும் விதி: எழுத்தில் நிற்கும் கருத்து, வாயால் பாடிக்காட்ட நேரும்போது அரைக்கட்டை இறங்கும். பாடத் தெரிந்த ரசிகர்களிடம் இவ்விதி செல்லாது. அவர்கள் நேரில் கண்டபின் கடுமையாகப் பகைத்துக்கொண்ட வழக்குகளே மிகுதி.

4. இரங்கல்

வழக்கு தீர்ந்ததும் ஓர் அமைதி நிலவும். பேச வேறு பொருள் கிடையாது. அப்போது இருவருள் மூத்தவர், இப்போதெல்லாம் யார் பாடுகிறார்கள் என்று பெருமூச்சு விடுவார். நெய்தல் நிலம் தன் தொழிலைச் செய்யத் தொடங்கும் இடம் இது. ஐம்பது அடி தொலைவில் ஒருவர் நன்றாகவே பாடிக்கொண்டிருப்பது இந்த இரங்கலுக்குத் தடையாவதில்லை.

சங்கீதம் எந்த ஆண்டில் கெட்டது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. ஜி.என். பாலசுப்பிரமணியம் மறைந்த 1965 என்பது ஒரு கட்சி. கச்சேரியின் அமைப்பையே வகுத்துக்கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மறைந்த 1967 என்பது இரண்டாவது. மதுரை மணி ஐயர் மறைந்த 1968 என்பது மூன்றாவது. இவற்றையெல்லாம் மறுத்து, ஒலிபெருக்கி வந்த அன்றே எல்லாம் முடிந்தது என்பாரும் சிலர் உளர். அவர்கள் ஒலிபெருக்கிக்குப் பின் பிறந்தவர்கள். உற்று நோக்கினால், கெட்ட ஆண்டு என்று ஒருவர் குறிப்பது அவருக்கு வேலை கிடைத்து, பிற்பகல் கச்சேரிக்குப் போக முடியாமற்போன ஆண்டோடு ஒத்துவருவது புலப்படும். தலைமுறை வேறுபாடுடைய இருவர் சேர்ந்து இரங்கும்போது, ஒருவர் வீழ்ச்சி என்று குறிக்கும் காலம் மற்றவருக்குப் பொற்காலமாக இருக்கும். இருவரும் ‘அந்தக் காலம்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வதால் இது வெளிப்படுவதில்லை. எழுத்தில் ஆண்டுக் குறிப்பு தேவைப்படும், பெருமூச்சுக்குத் தேவையில்லை. ரசிகர் இருவர் முழுமையாக ஒன்றுபடும் ஒரே இடம் இதுவே.

5. பிரிதல்

துக்கடாக்கள் முடிந்து மங்களம் பாடும் முன்பே ஆட்டோ பிடிக்க எழுவது வழக்கம். பிரியும்போது பரிசுப் பொருள் கைமாறும். பாலக்காட்டார் நேந்திரங்காய் வறுவலும் மைசூரார் மைசூர்பாகும் கொடுப்பர். முன்னாளில் கேசட்டும் பின்னாளில் குறுவட்டும் இப்போது பென் டிரைவும் இவற்றோடு சேர்கின்றன. கிடைத்தற்கரிய பதிவு என்று கொடுக்கப்படுவது, பெற்றவரே சில ஆண்டுகளுக்கு முன் வேறொருவருக்குக் கொடுத்த பதிவாக இருப்பதும் உண்டு. உள்ளே கேட்கும் இருமலால் அது தெரியவரும்.

இத்துறையில் தனியே ஆராயத்தக்கவர் உடன்வந்தோர். ரசிகரின் மனைவியோ கணவரோ, பெரும்பாலும் இசையில் நாட்டமில்லாதவர், பயணத்தின் பொருட்டு உடன் வந்திருப்பார். ரசிகர் இருவரும் காந்தாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில், உடன்வந்தோர் இருவரும் ஊர், தெரு, பிள்ளைகளின் படிப்பு, மருமகளின் குணம், சர்க்கரையின் அளவு, எந்தப் புடவைக் கடையில் தள்ளுபடி என அனைத்தையும் கேட்டறிந்து, தொலைபேசி எண்ணும் வாங்கியிருப்பர். ரசிகருக்குத் தம் நண்பரின் இயற்பெயரே வீடு திரும்பும் வழியில் மனைவி சொல்லித்தான் தெரியவரும். “அவருக்கு நாயகியில இருக்கற பிடிமானம் உனக்குத் தெரியுமா?” என்று அவர் வியந்தால், “அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு, அது உங்களுக்குத் தெரியுமா?” என்று விடை வரும். அடுத்த மார்கழிச் சந்திப்பை உறுதி செய்பவர்களும் இவர்களே. ரசிகர்களை மட்டும் நம்பியிருந்தால் இந்நட்புகள் எழுத்தளவிலேயே நின்றிருக்கும்.

புறநடை

மேற்கூறியவை அனைத்தும் பெரும்பான்மை பற்றியவை. ஒரே ராகப் பெயரைச் சூடிய இருவர் சந்தித்தல், ஏற்பாடு செய்தும் இருவரும் வெவ்வேறு சபாவில் காத்திருத்தல், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் முழுக் கச்சேரியும் கேட்டுவிட்டு அறியாமலே பிரிந்து ஊர் போய் ஒருவருக்கொருவர் அந்தக் கச்சேரியைப் பற்றி எழுதிக்கொள்ளுதல் ஆகியவை சிறுபான்மை. கச்சேரிக்கே போகாமல் உணவகத்தில் மட்டும் கூடுவோர் இவ்விலக்கணத்தில் அடங்கார். அவர்கள் ஒழுக்கத்துக்கு மூன்று வேளையும் உரிய பொழுது, எல்லா உணவும் கருப்பொருள். எடுத்து ஓதாத பிறவும் இவற்றோடு பொருந்துமாறு கொள்ளப்படும்.